ஏசி, பம்பு கன்ட்ரோலர் நெட்வொர்க்கில் தெரியவில்லையா?

பெண்ணாடம், விருத்தாசலம் பக்கத்திலிருந்து சென்னைக்குக் கட்டடப் பராமரிப்பு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு:

பெரிய கட்டடங்களில் ஏசி, பம்பு கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் பேக்நெட் முறையில் பேசுகின்றன. 'யாபே' என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, நெட்வொர்க் கேபிளைச் செருகுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் தவறான வழியில் தேடக்கூடும். "யார் இருக்கிறீர்கள்?" என்று அது கேட்க, ஒவ்வொரு கருவியும் தன் எண்ணைச் சொல்லும்.

ஒன்றுமே வரவில்லையா? விண்டோஸ் ஃபயர்வாலில் யூடிபி 47808 போர்ட் திறந்திருக்கிறதா பாருங்கள். அந்தக் கேள்வி ரௌட்டரைத் தாண்டிப் போகாது என்பதால், கருவி இருக்கும் அதே சப்நெட்டில் நில்லுங்கள். இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருந்தாலும் குழப்பம்தான்.

முக்கியமானது இது. சோதனைக்காக ஃபேனை 'ஆன்' செய்தால், வேலை முடிந்ததும் 'ஆஃப்' கொடுத்துவிட்டு வராதீர்கள். நீங்கள் 8-ஆம் முன்னுரிமையில் (கையால் தரும் உத்தரவுக்கான நிலை) எழுதிய மதிப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதற்குக் கீழ்ப்பட்ட முன்னுரிமையில் வரும் தானியங்கி உத்தரவு எதுவும் எடுபடாது. அதே முன்னுரிமையில் 'நல்' என்ற வெற்று மதிப்பை எழுதி விடுவியுங்கள்.

மோட்பஸ் என்ற வேறொரு முறையில் பேசும் கருவிகள் தாமாகப் பெயர் சொல்வதில்லை. 1 முதல் 247 வரை முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

கண்டறிந்த கருவிகளை எண், இடம், ஐபி முகவரியோடு எழுதி, பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வசதி என்று 47808 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். விபிஎன் வழியாகவே நுழையுங்கள்.