குருதியின் கனமும் வானோடியின் கவசமும்

முடுக்கம் என்னும் சொல் நம் பாடநூல்களில் இயற்பியற் கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. ஏர்மாட்டை முடுக்கும் உழவரின் வாய்ச்சொல்லே அது என்பதைத் தமிழ் மாணாக்கர் மறத்தலாகாது. விரைவு மனிதனை வருத்துவதில்லை. விரைவோ திசையோ சடுதியில் மாறுவதே வருத்துகிறது. கீழ்நோக்கிப் பாய்ந்த போர்விமானம் வளைந்து மேலெழும்போது வானோடியின் உடல் இருக்கையில் அழுந்துகிறது. புவியீர்ப்பின் ஐந்து மடங்கு விசை தாக்கினால், 60 கிலோ எடையுள்ளவர் 300 கிலோவாகக் கனப்பார். அவர்தம் குருதியும் அவ்வாறே கனக்கும்.

இதயம் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் குருதியைத் தள்ளுகிறது. மூளையோ அதற்கு 30 சென்டிமீட்டர் அளவு மேலே உள்ளது. அவ்வுயரம் ஏற, ஒவ்வொரு மடங்கு ஈர்ப்புக்கும் 22 மில்லிமீட்டர் அழுத்தம் செலவாகும். ஐந்து மடங்கிற்குக் கணக்கிட்டுப் பாருங்கள். மூளைக்கு மிஞ்சுவது ஏதுமில்லை எனலாம். முதலில் மங்குவது கண்ணே. விழிக்கோளத்தினுள் உள்ள இயல்பான அழுத்தம், உள்வரும் குருதியை எதிர்த்து நிற்கிறது. ஆதலின், நினைவு தெளிவாக இருக்கும்போதே பார்வை இருண்டுவிடும். அஃது ஓர் எச்சரிக்கை. விசை மிகச் சடுதியாக ஏறினாலோ அவ்வெச்சரிக்கையும் கிட்டாது. சில நொடிகளில் நினைவே தப்பும்.

இதற்குத் தீர்வு கண்டவருள் முன்னவர், கனடாவின் டொராண்டோ நகரில் புற்றுநோய் ஆய்வு செய்துகொண்டிருந்த வில்பர் ஃபிராங்ஸ். இன்சுலின் கண்டறிந்த பாண்டிங்கின் குழுவைச் சேர்ந்தவர். சுழற்பொறியில் சோதனைக் குழாய்கள் உடைவதைக் கண்ட அவர், திரவம் நிரம்பிய பெரிய கலத்தினுள் அவற்றை வைத்துச் சுழற்றினார், அவை உடையவில்லை. கண்ணாடிக்குப் பொருந்துவது உடலுக்கும் பொருந்தாதா என வினவியதே அவர் பெருமை என்போம். நீர் நிறைந்த இரப்பர் உறைக்குள், தலை மட்டும் வெளியே தெரிய வைக்கப்பட்ட எலிகள், 100 மடங்குக்கு மேற்பட்ட ஈர்ப்பையும் தாங்கிப் பிழைத்தன. பின்னர் நீர் நிரப்பிய உடையொன்றைத் தைத்து, 1940-இல் தாமே அணிந்து விமானத்திற் பறந்தார். நிற்கும் நிலைக்கு அளவெடுத்த உடை, உட்கார்ந்தபோது பெரிதும் இறுக்கி வருத்தியதாம்! 1942 நவம்பரில், வட ஆப்பிரிக்காவின் ஓரான் பகுதியில் நடந்த போரில் பிரிட்டானியக் கடற்படை வானோடிகள் அவ்வுடையை அணிந்தனர்.

ஆயினும் நீருடை கனமானது, வெப்பம் தருவது. ஆதலின் காற்றுடை அதன் இடத்தைப் பிடித்தது. இன்றைய உடையில் கெண்டைக்கால், தொடை, வயிறு ஆகியவற்றைச் சுற்றிக் காற்றுப்பைகள் உள்ளன. விசை ஏறியதும் ஓர் அடைப்பிதழ் திறந்து, அழுத்தக் காற்றை அவற்றுள் நிரப்பும். குருதி கால்களில் தேங்காது தடுக்கப்படும். இதனால் கிடைக்கும் பயன் ஒன்று அல்லது ஒன்றரை மடங்கு ஈர்ப்பளவே. ஒன்பது மடங்கைத் தாங்க அது போதாது. கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கி, மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென வெளியிட்டு உள்ளிழுக்கும் பயிற்சியே பெருந்துணை. பெரிய சுழற்பொறியின் கூண்டில் அமர்ந்து, வானோடிகள் தரையிலேயே அதனைப் பழகுகின்றனர்.