தூக்குக்கயிறும் துலாக்கோலும்

நுழையும்முன்

குற்றம் செய்தாரை ஒறுத்தலும் குடிகளைக் காத்தலும் அரசின் கடமைகள். ஒறுத்தலின் எல்லை எது? ஓர் உயிரைப் பறித்தவரின் உயிரை அரசே பறிக்கலாமா? இந்திய அரசியலமைப்பு உருவான காலம் முதல் இன்றுவரை சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் ஓயாமல் எழும் இவ்வினாவைச் சட்டத்தின் வழியாகவும் அறத்தின் வழியாகவும் ஆராய்கிறது இக்கட்டுரை.

மதுரையில் கோவலன் கொல்லப்பட்டது ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பித்தான். சாட்சி கேட்கப்படவில்லை, சிலம்பு உடைத்துப் பார்க்கப்படவில்லை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது பாண்டியன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர்நீத்தான். வழக்குரை காதையைக் கற்போர் அம்மன்னனின் நேர்மையைப் போற்றுவர். போற்றத்தக்கதே. ஆயினும் வளைந்த கோலை மன்னன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்திய பின்னரும் கோவலன் மீளவில்லை. பிற தண்டனைகளில் பிழை நேர்ந்தால் ஓரளவேனும் ஈடுசெய்யலாம். சிறையிலிருந்து விடுவிக்கலாம், அபராதத்தைத் திருப்பித் தரலாம். மரண தண்டனையில் அதற்கு வழியில்லை.

அவ்வாறாயின் தமிழ் அறநூல்கள் இத்தண்டனையை முற்றாக மறுத்தனவா? அப்படிச் சொல்வது உண்மையாகாது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை வேந்தன் ஒறுப்பதைப் பயிரின் நடுவே களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அக்குறளில் வரும் ‘கொலை’ என்னும் சொல் குற்றத்தைக் குறிக்கிறதா, தண்டனையைக் குறிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பரிமேலழகர் அதனைத் தண்டனையாகவே கொண்டார். கொலைத்தொழிலில் கொடியவர் எனப் பிரித்தால், ஒறுக்கவேண்டும் என்பது மட்டுமே எஞ்சும். எவ்வாறு ஒறுப்பது என்பது சொல்லப்படாததாகிவிடும். கொல்லாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த புலவரின் நூலில் இந்த ஐயம் எழுவது வியப்பன்று. ஒரு சொல்லை எதனோடு கூட்டிப் பொருள் கொள்வது என்பதில் ஓர் உயிர் தொங்குவதைச் சட்ட நூல்களிலும் காணலாம்.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கொலைக்குற்றத்திற்கு மரண தண்டனையையே பொது விதியாகக் கருதியது. அதற்கு மாறாக ஆயுள் தண்டனை வழங்கும் நீதிபதி அதற்கான காரணத்தை எழுதவேண்டும். 1955ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கட்டாயத்தை நீக்கியது. 1973ஆம் ஆண்டின் புதிய சட்டம் விதியையே தலைகீழாக்கியது. ஆயுள் தண்டனை பொது விதியாயிற்று; மரண தண்டனை வழங்குவதற்கே ‘சிறப்புக் காரணங்கள்’ எழுதப்படவேண்டும் என்றாயிற்று. முன்னர் உயிரைக் காப்பதற்குக் காரணம் தேவைப்பட்டது. பின்னர் உயிரைப் போக்குவதற்குக் காரணம் தேவைப்பட்டது. முக்கால் நூற்றாண்டில் நிகழ்ந்த இம்மாற்றம், எந்தப் போராட்டத்தின் ஆரவாரமும் இன்றி நிகழ்ந்த பெரியதோர் அறமாற்றம் எனலாம்.

தெரியுமா?
1949 ஜூன் மாதத்தில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், மரண தண்டனையை அடியோடு ஒழிப்பதையே தாம் ஆதரிப்பதாகக் கூறினார். அகிம்சையை அறமாகப் போற்றும் நாடு அதனைச் செய்வதே முறை என்பது அவர் வாதம்.

‘சிறப்புக் காரணம்’ என்பது யாது? 1980ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு இவ்வினாவை எதிர்கொண்டது. மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானதன்று என நால்வர் தீர்ப்பளித்தனர். எனினும் ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில், வேறெந்தத் தண்டனையும் போதாது என்னும் நிலையில் மட்டுமே அதனை வழங்கலாம் என வரையறுத்தனர். குற்றத்தின் கொடுமையோடு குற்றவாளியின் வயது, சூழல், திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றையும் எடைபோட வேண்டும் என்றனர். நீதிபதி பி.என். பகவதி மட்டும் மாறுபட்டார். எந்த நீதிபதிகளின் முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து ஓர் உயிர் பிழைப்பதும் போவதும் அமையுமானால் அது சமநீதி ஆகாது என்றார். தூக்குமேடை ஏறுவோரில் பெரும்பாலோர் ஏழைகளே என்பதையும் அவர் சுட்டினார்.

அவர் கூறியது வெறும் அச்சமன்று. நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தையே கொன்ற குற்றத்திற்காக மூவருக்கு 1975ஆம் ஆண்டு அலகாபாத் உயர்நீதிமன்றம் மரண தண்டனையை உறுதிசெய்தது. குற்றம் ஒன்று, மூவரின் பங்கும் ஒன்று. மூவரும் தனித்தனியே உச்சநீதிமன்றத்தை நாடினர். மனுக்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அமர்வுகளின்முன் வந்தன. முதலாமவரின் மனு 1976இல் தள்ளுபடியானது. இரண்டாமவரின் தண்டனை 1977இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மூன்றாமவரின் மனு 1978இல் தள்ளுபடியானது. முதலாமவரையும் மூன்றாமவரையும் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிட நாள் குறிக்கப்பட்டது. மூன்றாமவர் இறுதி நேரத்தில் மீண்டும் மனுச்செய்து தடையாணை பெற்றார். முதலாமவர் மனுச்செய்யவில்லை, குறித்த நாளில் தூக்கிலிடப்பட்டார்.

1982இல் மூன்றாமவரின் மனுவை விசாரித்த தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, உடன் குற்றவாளி ஒருவரின் தண்டனை குறைக்கப்பட்டிருக்கையில் மற்றொருவரைத் தூக்கிலிடுவது முறையாகாது எனக் கருதியது. குடியரசுத் தலைவர் அவர்மீது கருணை காட்டவேண்டும் எனப் பரிந்துரைத்தது. முதலாமவர் எந்தத் தீர்ப்பாலும் பயனடைய இயலாத இடத்திற்குச் சென்றுவிட்டார் என்பதையும் அத்தீர்ப்பு வருத்தத்தோடு பதிவுசெய்தது. மூவரின் ஊழைப் பிரித்தவை குற்றமோ சான்றோ அல்ல. மனு வந்த நாளும் அமர்ந்திருந்த நீதிபதிகளுமே.

மரண தண்டனை நீடிக்கவேண்டும் என்போரின் குரலை இரக்கமற்றவர் குரல் என ஒதுக்கிவிடலாகாது. கொல்லப்பட்டவருக்கும் உயிர் வாழும் உரிமை இருந்தது. அவருடைய தாய்க்கும் குழந்தைகளுக்கும் அரசு என்ன விடை சொல்லும் என அவர்கள் வினவுகின்றனர். 1967ஆம் ஆண்டின் சட்ட ஆணைய அறிக்கை, இந்தியாவின் சமூகச் சூழலையும் கல்விநிலையையும் சட்டம் ஒழுங்கைக் காக்கும் தேவையையும் கருதி, இத்தண்டனையை நீக்கிப் பார்க்கும் சோதனையில் இறங்க இயலாது என்றது. 2012ஆம் ஆண்டு தில்லிப் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் நாடெங்கும் எழுந்த சினம் பொருளற்றதன்று. அவ்வழக்கில் நால்வர் 2020 மார்ச் 20 அன்று திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் அக்கொடுமையை அடுத்துச் சட்டத்திருத்தம் குறித்து ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு, பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

சினம் நியாயமானதாக இருக்கலாம். சான்று பிழைபட்டதாக இருக்கலாம். இங்கிலாந்தில் தன் குழந்தையைக் கொன்றதாகத் திமோத்தி எவன்ஸ் என்பவர் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி. 1953இல் அவ்வீட்டில் பல பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது, கிறிஸ்டியே தொடர்கொலைகாரன் எனத் தெரியவந்தது. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே பிரித்தானிய நாடாளுமன்றம் கொலைக்குற்றத்திற்கான மரண தண்டனையை நிறுத்திவைத்திருந்தது.

தீர்ப்புக்கும் தூக்குமேடைக்கும் இடைப்பட்ட காலம் தனியொரு தண்டனையாகும். கருணை மனு குடியரசுத் தலைவரிடம் ஆண்டுக்கணக்கில் முடிவின்றிக் கிடக்க, கைதி ஒவ்வொரு காலையையும் இறுதிக் காலையாக எண்ணி விழிக்கிறார். 2014ஆம் ஆண்டு, தமிழகத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, கருணை மனுமீது முடிவெடுப்பதில் காரணமற்ற காலத்தாழ்வு நேர்வது சித்திரவதைக்கு ஒப்பாகும் எனக் கூறிப் பதினைவரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

2015ஆம் ஆண்டு நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம், பயங்கரவாதமும் நாட்டின்மீது போர் தொடுத்தலும் நீங்கலாகப் பிற குற்றங்கள் அனைத்திற்கும் மரண தண்டனையை நீக்குமாறு பரிந்துரைத்தது. 1967இல் ஓர் ஆணையம் இயலாது என்றதை, அரை நூற்றாண்டுக்குள் மற்றோர் ஆணையம் இயலும் என்றது. நாடாளுமன்றம் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் மரண தண்டனை இடம்பெற்றுள்ளது. கும்பலாகச் சேர்ந்து, இனம், சாதி, மொழி போன்றவற்றைக் காரணமாக்கிச் செய்யும் கொலைக்கும் அது விதிக்கப்படலாம். ஆயினும் அமர்வு நீதிபதி இன்றும் சிறப்புக் காரணங்களை எழுதியே அத்தண்டனையை வழங்கவேண்டும். உயர்நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை அது நிறைவேற்றப்படுவதில்லை.