மார்கோனிகாஃப் விதியைக் காரணத்தோடு கற்பிப்போம்

பதினோராம் வகுப்பில் ஆல்கீன்களின் சேர்க்கை வினைகளை நடத்தும்போது, "ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும்" என்று சொல்லிக்கொடுத்து வந்தேன். புரப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் 2-புரோமோபுரப்பேன் என்று எல்லோரும் சரியாக எழுதினார்கள்.

ஒருநாள் 3-மீத்தைல்-1-பியூட்டீனுடன் ஹைட்ரஜன் குளோரைடு சேரும் வினையைக் கொடுத்தேன். 2-குளோரோ-3-மீத்தைல்பியூட்டேன் என்று எழுதினார்கள். அதனுடன் 2-குளோரோ-2-மீத்தைல்பியூட்டேனும் உண்டாகும் என்றதும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், இரட்டைப் பிணைப்பே இல்லாத கார்பனில் குளோரின் எப்படிச் சேரும்?"

நான் விதியைத்தான் கற்பித்திருந்தேன், காரணத்தை அல்ல. 1870இல் மார்கோனிகாஃப் இவ்விதியை வெளியிட்டபோது எலக்ட்ரானே கண்டறியப்படவில்லை. விளைபொருள்களைக் கவனித்து அவர் சொன்னது அது.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் ஆற்றல் வரைபடம் வரைந்தேன்: இரண்டு மேடுகள், நடுவே ஒரு பள்ளம். ஆல்கீனின் பை எலக்ட்ரான்கள் புரோட்டானைப் பற்றும்போது, பழைய பிணைப்பு பாதி அறுந்து, புதியது பாதி உருவான நிலையே முதல் மேட்டின் உச்சி. இது நிலைமாற்ற நிலை; இதைப் பிரித்தெடுக்க முடியாது. பள்ளத்தில் இருப்பது கார்போகேட்டயான். குறைந்த நேரமே வாழ்ந்தாலும் அது ஓர் இடைப்பொருள். இரண்டையுமே "இடைநிலை" என்று சொன்னால் மாணவர்கள் குழம்புகிறார்கள். தனித்தனிச் சொற்களைப் பயன்படுத்துவது நல்லது.

முதல் படி ஆற்றல் ஏறும் படி. ஆகவே அதன் உச்சி, கார்போகேட்டயானையே பெரிதும் ஒத்திருக்கும். 1955இல் ஹாமண்ட் விளக்கிய கருத்து இது. கார்போகேட்டயானை நிலைப்படுத்துவது எதுவோ, அதுவே மேட்டையும் தாழ்த்தும். புரப்பீனில் ஈரிணைய அயனிக்கான மேடு, ஓரிணைய அயனிக்கானதைவிடத் தாழ்வு. எனவே அவ்வழியில் வினை விரைவாக நடக்கிறது.

பிறகு அம்மாணவியிடம், "உன் ஈரிணைய அயனிக்குப் பக்கத்துக் கார்பனைப் பார்" என்றேன். அங்குள்ள ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையுடன் நகர்ந்தால் மூவிணைய அயனி கிடைக்கும் என்று அவளே வரைந்து காட்டினாள். குளோரைடு அங்கே சேர்வதில் அதன்பின் வியப்பில்லை.

பெராக்சைடு முன்னிலையில் ஹைட்ரஜன் புரோமைடு விதிக்கு மாறாகச் சேர்வதும் இப்படியே விளங்கும். அங்கே முதலில் சேர்வது புரோமின் அணு. அது ஓரக் கார்பனில் சேர்ந்தால் அதிக நிலைப்புள்ள ஈரிணையத் தனி உறுப்பு உருவாகும். விளைபொருள் மாறினாலும் காரணம் மாறவில்லை.

இப்போது என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. உருவாகக்கூடிய இரண்டு இடைப்பொருள்களையும் வரைந்து ஒப்பிட்ட பிறகே விளைபொருளை எழுத வேண்டும். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். ஆனால் பார்த்திராத ஆல்கீனைக் கொடுத்தாலும் மாணவர்கள் தயங்குவதில்லை.