எந்த போன் வாங்கலாம்?

கேள்வி: ஓசூர் பக்கம் ஐபோன் உதிரிபாகம் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். தவணையில் ஐபோனே வாங்கலாமா, ஆண்ட்ராய்டு போதுமா?
– வாசகி, ஓசூர்

பதில்: உங்கள் ஆசை நியாயமானது, சகோதரி. ஆனால் யுபிஐ, வாட்ஸ்அப், தமிழ்–கன்னட விசைப்பலகை எல்லாம் இரண்டிலும் உண்டு. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் ஆப்பிள் போனில் மட்டுமே ஓடும். 2008இல் சந்தைக்கு வந்த ஆண்ட்ராய்டைப் பல கம்பெனிகள் பயன்படுத்துவதால், பத்தாயிரம் ரூபாய்க்கும் போன் கிடைக்கிறது.

கவனிக்க வேண்டியது பாதுகாப்பு அப்டேட். ஐபோனுக்குப் பல ஆண்டுகள் வரும். மலிவான ஆண்ட்ராய்டு பலவற்றில் சீக்கிரமே நின்றுவிடும். செட்டிங்ஸில் ‘பாதுகாப்பு அப்டேட்’ தேதி பழையதாகவே நின்றால், வங்கிக் கணக்குக்கு ஆபத்து. கடையில் கேமராவைப் பார்க்கும் முன், “எத்தனை வருஷம் அப்டேட் வரும்?” என்று கேளுங்கள்.

வீட்டுக்குப் பணம் அனுப்பிய பிறகும் தவணை கட்ட முடிந்தால் ஐபோன் வாங்குங்கள். இல்லையென்றால், நீண்டகால அப்டேட் தரும் ஆண்ட்ராய்டே நல்லது.