தேவிபட்டினம் வீடுகளுக்குத் தானியங்கி விளக்குகள்: தேர்வுக்கான வழிகாட்டி

பாக் விரிகுடாவின் கரையில், நவபாஷாணக் கற்கள் கடலுக்குள் நிற்கும் தேவிபட்டினத்தில், வீட்டு விளக்குகள் தாமாக எரிந்து அணையும்படி அமைக்க விரும்புவோர், விலையையும் அழகையும் பார்ப்பதற்கு முன் மூன்றைக் கருதவேண்டும்: உலோகத்தை அரிக்கும் உப்புக்காற்று, வடகிழக்குப் பருவமழைக் காலத்து மின்தடை, இணையத் தொடர்பு அறுந்துபோகும் வாய்ப்பு. இம்மூன்றையும் தாங்கும் கருவியே இக்கரைக்கு ஏற்றதாகும்.

இணையம் வேண்டாதவை

குறித்த மணிக்கு மின்னிணைப்பைத் தந்து துண்டிக்கும் டைமர், பகலொளி குறைவதை அறியும் ஒளியுணரி, உடல்வெப்பம் நகர்வதை அறியும் அசைவுணரி ஆகியன இவ்வகையின. இவ்வூர் வட அட்சம் 9.5 பாகையை ஒட்டியிருப்பதால், சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே மாறுகிறது. கோடையில் இரவு 9 மணி கடந்தும் குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கு முன்பும் பொழுது சாயும் லண்டன் போன்ற நகரங்களுக்கு வேண்டிய, மறைவு நேரத்தை நாள்தோறும் கணக்கிடும் ஏற்பாடு இங்கு அவசியமில்லை. எனவே மின்தடையிலும் மணி தவறாதபடி உள்ளே பேட்டரி கொண்ட டைமரே வாசல் விளக்குக்குப் போதும். மழைநாளில் முன்னதாகவே இருட்டிவிடும் என்று எண்ணுவோர் ஒளியுணரியை நாடலாம். ஆனால் உப்புப் படலம் படிந்தால் அது பகலையும் இருளாகக் கொள்ளுமாதலால், அவ்வப்போது துடைப்பது கடமையாகும். விடியுமுன் கடலுக்குப் புறப்படுவோர் நடமாடும் பின்கட்டுக்கு அசைவுணரி சிறந்தது. புறவெப்பம் உடல்வெப்பத்தை நெருங்கும்போது அதன் கூர்மை குன்றுவதால், வெயில் ஏறிய சுவரை நோக்கி அதைத் திருப்பலாகாது.

பல்பா, சுவிட்ச் மாட்யூலா?

கைபேசியால் இயக்கப்படும் ஸ்மார்ட் பல்பு, பழைய ஹோல்டரிலேயே பொருந்துவதும் நிறமும் வெளிச்சமும் மாற்றத் தக்கதுமாகும். எனினும் சுவரிலுள்ள சுவிட்சை யாரேனும் அணைத்தால் அது செயலற்றுப்போகும். அணைந்திருக்கும்போதும் அரை வாட் அளவு மின்சாரம் கொள்ளும் பல்பு, இரு மாதக் கணக்கில் முக்கால் யூனிட்டை ஒட்டிச் செலவிடும். பத்து பல்பு எனில் ஏறத்தாழ 7 யூனிட் ஆவதால், இலவச மின்சார வரம்புக்குள் நிற்க முயலும் குடும்பம் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும். சுவிட்ச் போர்டுக்குள் பொருத்தப்படும் மாட்யூலோ, கையால் இயக்கும் பழைய சுவிட்சையும் உயிருடன் வைத்திருக்கிறது. ஆதலால் முதியோர் வாழும் வீட்டுக்கும், யாத்திரிகருக்கு அறை தரும் வீட்டுக்கும் இதுவே பொருத்தம். பெரும்பாலான மாட்யூல்களுக்கு நியூட்ரல் கம்பி தேவை என்பதால், அது போர்டில் உள்ளதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு முதலில் உறுதிசெய்வது முறை.

தொடர்பு முறை

வைஃபை கருவிகளுக்கு ரவுட்டர் போதும். ஆனால் பலவும் தயாரிப்பாளரின் தொலைதூரக் கணினியைச் சார்ந்தவை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி கடத்தும் ஜிக்பீ கருவிகளுக்கு ஹப் என்னும் தனி மையக் கருவி வாங்கவேண்டும். தக்க ஹப் அமைந்தால் அவை இணையமின்றியும் இயங்கும். 2022இல் வெளியான மேட்டர் என்னும் பொதுத்தரம், வெவ்வேறு நிறுவனக் கருவிகளை வீட்டுக்குள்ளேயே இணைக்கிறது. எதைத் தேர்ந்தாலும், ரவுட்டரையும் ஹப்பையும் இன்வெர்ட்டரில் இணைப்பதும், மின்சாரம் திரும்பும்போது விளக்கு முந்தைய நிலைக்கே வருமாறு அமைப்பதும் இன்றியமையாதன. இல்லையேல் நள்ளிரவில் எல்லா விளக்கும் எரிந்து வீட்டாரை எழுப்பக்கூடும்.

வெளிப்புறம்

தூசு புகாமையையும் பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும் ஐபி65 தரமும், துருப்பிடிக்காத பிளாஸ்டிக் கூடும் வேண்டும். மணற்கரையை நோக்கிய விளக்கு பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலிலிருந்து திசைதிருப்புமாதலால், அது கீழ்நோக்கியதாகவும், மங்கிய செம்மஞ்சள் நிறத்ததாகவும், ஆள் வரும்போது மட்டும் எரிவதாகவும் இருத்தல் நன்று.

சுருங்கச் சொன்னால், வாசலுக்கு டைமர், பின்கட்டுக்கு அசைவுணரி, கூடத்துக்கும் அறைகளுக்கும் மாட்யூல், நிறமாற்றம் விரும்பும் ஓரிடத்துக்கு மட்டும் ஸ்மார்ட் பல்பு என்னும் பகிர்வே இக்கடலோர வீட்டுக்குத் தக்கதாகும். இணையம் நின்றால் கையால் ஏற்ற முடியாத விளக்கை எவ்விடத்திலும் பொருத்தலாகாது.