வன்பரப்பு உருவமைப்பு: தொடக்க மாணாக்கர்க்குச் சில குறிப்புகள்

கணினியில் முப்பரிமாண உருவங்களை அமைக்குங் கலையில் இரு பிரிவுகள் உள. மனிதர், விலங்கு, மரம் முதலியவற்றை அமைத்தல் ஒன்று. இயந்திரம், வாகனம், வானொலிப்பெட்டி முதலிய செய்பொருள்களை அமைத்தல் மற்றொன்று. பின்னையதே வன்பரப்பு உருவமைப்பு எனப்படும்.

உச்சி, விளிம்பு, முகம் என்னும் மூன்றினாலேயே பல்கோணி உருவம் ஆக்கப்படுகின்றது. கேத்திரகணிதம் பயின்றார்க்கு இவை புதியனவல்ல. கருவியும் விலைகொடுத்துப் பெறவேண்டியதன்று. பொதுமக்கள் 1 இலட்சம் யூரோ திரட்டி உதவியமையால், பிளெண்டர் என்னும் செயலி 2002 இல் யாவர்க்கும் இலவசமாக்கப்பட்டது.

இனி, ஒரு நிழற்படக் கருவியை அமைக்கப் புகுவோம். உடல் ஒரு பெட்டி. வில்லைக்குழல் ஓர் உருளை. பெட்டியையும் 32 பக்கமுள்ள உருளையையும் தனித்தனி ஆக்கிப் பின் ஒன்றாக இணைக்கவே தொடக்கத்தில் எவரும் விரும்புவர். முன்முகத்தின் 4 உச்சிகளோடு அந்த 32 உச்சிகளும் எங்ஙனம் பொருந்தும்? பரப்பை மென்மையாக்கியதும் அவ்விடத்தே சுருக்கம் விழும்.

அதனிலும் நேரிய வழி ஒன்றுண்டு. குழல் நிற்குமிடத்தை 16 சதுரங்களாகப் பிரிக்க. நடுவிலுள்ள 4 சதுரங்களின் எல்லையில் 8 உச்சிகள் இருக்கும். மூலையுச்சிகள் நான்கையும் மையம் நோக்கிச் சிறிது இழுத்தால் எண்கோணி பிறக்கும். சூழவுள்ள 12 முகங்களும் நாற்பக்கல்களாகவே நிலைக்கும். அவ்வெண்கோணியை வெளியே நீட்டினால் குழல் தோன்றும். எட்டுப் பக்கம் வட்டமாகுமோ எனின், கண்ணுக்கு ஆகும். எட்வின் கற்மல், ஜிம் கிளார்க் என்னும் இருவர் 1978 இல் வெளியிட்ட முறைப்படி, முகங்களை மீண்டும் மீண்டும் பகுத்து உச்சிகளைச் சராசரியால் நகர்த்துவதே அதற்கு வழி.

ஆயின் அம்முறை கூரிய மூலைகளையும் மழுக்கிவிடும். பெட்டி தேய்ந்த சவர்க்காரக் கட்டிபோலாகும். ஆதலால் கூர்மை வேண்டிய விளிம்பின் இருமருங்கும் துணைவிளிம்புகள் இடல்வேண்டும். அவை நெருங்க நெருங்க விளிம்பு கூர்மையுறும்.

முற்றுங் கூரிய விளிம்பு நாம் கையாளும் பொருள்களில் இல்லை என்பதையும் உளங்கொள்க. உலோகப் பெட்டியொன்றின் ஓரத்தை உற்றுநோக்கின், ஆங்கே ஒளி மெல்லிய கோடாக நிற்றலைக் காணலாம். அக்கோடு இல்லாத உருவம் கடதாசியில் வெட்டியதுபோல் தோன்றும். தச்சர் பலகையின் ஓரத்தைச் சீவுவதுபோல விளிம்புகளைச் சிறிது சரித்துவிடின் அக்கோடு வரும். பெட்டியை ஒருபுறம் மாத்திரம் நீட்டியிருப்பின், அவ்வளவைச் செயலியில் நிலைப்படுத்திய பின்னரே சரிக்க. அன்றேல் சரிவு ஓரிடத்து அகன்றும் ஓரிடத்துக் குறுகியும் நிற்கும்.

நாற்பக்கல் தவிர வேறு முகமே ஆகாது என வற்புறுத்துவாரும் உளர். யாம் அத்துணைக் கடுமை பாராட்டோம். முற்றுந் தட்டையான பரப்பில் முக்கோணியால் கேடில்லை. வளைந்த பரப்பிலேதான் அது ஒளியைக் குலைக்கும்.

உருவம் நிறைந்ததும் அதற்குப் பளபளக்கும் உலோக நிறமூட்டி, விளக்கை மெல்லச் சுழற்றுக. ஒளி எங்கே முறிகின்றதோ அங்கே வேண்டாத உச்சியொன்று இருத்தல் கூடும். அதனை நீக்கிய பின்னர்த் திருகாணி, எழுத்து, கீறல் முதலியவற்றைச் சேர்க்கலாம்.