மழையை அளக்கும் போத்தல்
4, 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுடன் வீட்டிலும் முகாமிலும் செய்யக்கூடிய மூன்று விஞ்ஞானப் பாடங்கள்



2025 நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையை நம்மில் எவரும் மறக்கமாட்டோம். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக அதிகமான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டமே. மரக்கறிப் பாத்தியும், மாட்டுக் கொட்டிலும், பிள்ளைகளின் புத்தகப் பையும் ஒரே இரவில் மண்ணுக்குள் போன குடும்பங்கள் பல.

இப்படியான வேளையில், "விஞ்ஞானப் பாடமா இப்போது முக்கியம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், முக்கியந்தான். மழை எவ்வளவு பெய்தது என்று அளக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்த மழைக்கு அந்த வீடு சற்று முன்னதாகவே விழித்துக்கொள்ளும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. குப்பையில் கிடக்கும் ஒரு போத்தல் போதும்.

இது புதிய எண்ணமும் அல்ல. கண்டி மாவட்டத்தின் ஹந்தெஸ்ஸவில் 1930களிலேயே, கல்வி அதிகாரி கே. எஸ். அருள்நந்தி முன்னின்று ஒரு கிராமியக் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். பாடசாலைப் படிப்பு தோட்டத்தோடும் வீட்டோடும் கிராமத்தின் சுகாதாரத்தோடும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்பதே அதன் அடிப்படை. பிள்ளை கையால் செய்து கற்றதை எளிதில் மறப்பதில்லை.

பாடம் 1: மழைமானி செய்வோம்

தேவையானவை: பக்கங்கள் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, கத்தரிக்கோல், கூழாங்கற்கள் ஒரு கைப்பிடி, அடிமட்டம், அழியாத மை உள்ள பேனை.

செய்முறை:
1. போத்தலின் கழுத்து அகன்று நேராகும் இடத்தில் சுற்றி வெட்டுங்கள். வெட்டும் வேலையைப் பெரியவர் செய்யவேண்டும்.
2. அடிப்பகுதியில் கூழாங்கற்களைப் போடுங்கள். காற்றில் சாயாமல் அவை பிடித்துக்கொள்ளும்.
3. வெட்டிய மேற்பகுதியை மூடியைக் கழற்றிவிட்டு, தலைகீழாகப் புனல்போல வையுங்கள். இலை விழாமலும், வெயிலில் தண்ணீர் வற்றாமலும் இது காக்கும்.
4. கற்கள் மூடும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். நீர்மட்டம் நிற்கும் இடத்தில் கோடிட்டு 0 என்று எழுதுங்கள். அங்கிருந்து மேலே மில்லிமீற்றர் அளவுகளைக் குறியுங்கள்.
5. மரமும் கூரையும் மறைக்காத வெளியான இடத்தில், நிலத்தில் சிறிது புதைத்து நேராக வையுங்கள்.

தினமும் காலை 8.30 மணிக்கு அளவைப் பார்த்துக் கொப்பியில் எழுதவேண்டும். எழுதியபின் தண்ணீரை மீண்டும் 0 கோட்டுக்குக் கொண்டுவரவேண்டும். ஒரே நேரத்தில் பார்த்தால்தான் ஒரு நாளை மற்ற நாளோடு ஒப்பிடலாம். கடும் மழையென்றால் மணிக்கொரு தடவை பாருங்கள்.

கணக்கும் சேர்ந்த பாடம்: ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். பத்துப் பேர்ச் காணி ஏறக்குறைய 250 சதுர மீற்றர். அங்கே 100 மி.மீ. பெய்தால் எத்தனை லீற்றர்? பிள்ளையே பெருக்கட்டும். விடை 25,000 லீற்றர், அதாவது 25 தொன் பாரம். ஓடிப்போனது போக மீதியெல்லாம் நம் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது.

பாடம் 2: மணல் ஏன் நழுவுகிறது?

ஒரு தட்டில் காய்ந்த மணலைக் குவியுங்கள். அது செங்குத்தாக நிற்காது. சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் சுவர்போல நிற்கும். இப்போது மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கட்டத்தில் குவியல் திடீரெனச் சரிந்து ஓடும்.

காரணத்தைப் பிள்ளையிடமே முதலில் கேளுங்கள். பிறகு சொல்லுங்கள்: கொஞ்ச ஈரம் மணிகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. இடைவெளியெல்லாம் நீரால் நிரம்பினால், அந்த நீரின் அழுத்தம் மணிகளை விலக்குகிறது. பிடிப்பு குறைகிறது, பாரமோ கூடுகிறது. மலைச்சரிவிலும் இதுவே நடக்கிறது. பல நாள் மழையில் ஊறிய மண் அடுத்த மழைக்கு எளிதில் இளகுவது இதனாலேயே.

பாடம் 3: மூன்று போத்தல் தோட்டம்

மூன்று போத்தல்களைப் படுக்கவைத்து மேற்பக்கத்தை நீளமாக வெட்டி மண் நிரப்புங்கள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மண்ணின் மேல் காய்ந்த இலை, ஒன்றில் வேரோடு புல். கழுத்துப் பக்கம் தாழ்ந்திருக்கச் சாய்த்து வைத்து, கீழே தெளிந்த குவளைகளை வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து கலங்கல் நீர் வரும். புல்லுள்ள போத்தலிலிருந்து தெளிந்த நீர் வரும்.

குவளையில் படிந்த அந்த மண்தான் நம் மேல்மண். மலையிலிருந்து இறங்கி மகாவலியில் கலந்து, பொல்கொல்லையிலும் விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் வண்டலாகப் படிவதும் அதுவே. ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். புல் மேல்மண்ணைக் காக்கும்; ஆழத்தில் நழுவும் மலையை அது நிறுத்தாது.

அளவை என்ன செய்வது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்கு இந்த அளவுகளைச் சொல்கிறது:

- 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால்: விழிப்பாக இருங்கள்.
- 100 மி.மீ. தாண்டினால்: வெளியேற ஆயத்தமாகுங்கள்.
- 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால்: உடனே வெளியேறுங்கள்.

இந்த இலக்கங்களைப் பிள்ளையே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். கண்டிப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை பெய்யும். அதை 365 ஆல் வகுத்தால் நாளுக்கு ஐந்தரை மி.மீ. அளவில் வரும். 150 மி.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு மாத மழை ஒரே நாளில்!

நிலம் காட்டும் அறிகுறிகளையும் சொல்லிக்கொடுங்கள்: தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரெனக் கலங்கிய அல்லது புதிதாகத் தோன்றிய ஊற்று, மூடமுடியாமல் இறுகும் கதவு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போத்தலைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. போத்தலில் அளவு குறைவு என்பதற்காக அதிகாரிகளின் எச்சரிக்கையைத் தள்ளவும் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. அதைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயன்கள் புதையுண்டன. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. மலையை நாம் கட்டிப்போட முடியாது. ஆனால் நேரத்தோடு வீட்டைவிட்டு இறங்கலாம். நடு இரவில் ஒரு பிள்ளை, "அம்மா, நூறைத் தாண்டிவிட்டது" என்று எழுப்பினால், "பேசாமல் படு" என்று சொல்லாதீர்கள். எழுந்து பாருங்கள்.

கலந்துரையாட:
1. நாம் இப்போது தங்கியிருக்கும் இடத்தில் மழைமானி வைக்க ஏற்ற இடம் எது? ஏன்?
2. இரவில் அளவு பார்ப்பது யார் யார் முறை?
3. வெளியேற நேர்ந்தால் எந்தப் பாதையில், எங்கே போவோம்? முதியோரை யார் அழைத்துச் செல்வது?
4. புதிய காணி தருகிறோம் என்றால், அதன் சரிவையும் நீரோட்டத்தையும் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்விகள் எவை?